அறுபத்துமூன்றாம் கதியால்

எங்கள் வீட்டில் சாக்குப்போக்குச் சொல்வதற்கென்றே ஒரு மாடு இருந்தது. கொம்பும் வாலும் உள்ள மாடு அல்ல. மொன்றியல் பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்று தட்டுப் படி ஏறிப் போகும் இரண்டறை வீட்டில் அதற்கெல்லாம் இடம் ஏது? அது சின்ன மாமாவின் வாயில் வளர்ந்த மாடு. பனி கொட்டியதால் பஸ் பிந்திவிட்டது என்று அப்பா சொன்னால், "ஓமோம், மாடு தள்ளிப்போட்டுது" என்பார் மாமா. கணக்குக் கொப்பியை மறந்து வந்ததற்கு நான் என்ன காரணம் சொன்னாலும் அதே மாடுதான் வந்து நிற்கும். எனக்கு அது ஒரு பழமொழி என்றே எண்ணம். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை வீட்டுப்பாடம் செய்யாததற்கு அதையே பிரெஞ்சில் சொல்லிவைத்தேன். ஆசிரியை அம்மாவைக் கூப்பிட்டு, உங்கள் வீட்டில் மாடு வளர்க்கிறீர்களா என்று மிகவும் மரியாதையாக விசாரித்தார்.

சின்ன மாமா அம்மாவின் இரண்டாவது அண்ணன். கலியாணம் கட்டாதவர், எங்களோடுதான் இருந்தார். சென்ட் லோரன்ட்டில் விமானப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. செய்து முடித்த பாகங்களை அளப்பது, சரியானால் இலக்கம் எழுதி உள்ளே அனுப்புவது, மயிரிழை பிசகினாலும் திருப்பி அனுப்புவது. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் கூடவே வந்தது. அம்மா சுட்டுப் போடும் தோசைகளில் வட்டம் பிசகியதை ஒதுக்கி வைப்பார். பிறகு ஒதுக்கியதையும் சேர்த்துச் சாப்பிடுவார் என்பது வேறு கதை.

அம்மாவுக்கு மூத்த அண்ணன் ஒருவரும் இருந்தார். பெரிய மாமா. அவர் ஸ்காபரோவில் இருக்கிறார் என்பதைத் தவிர அவரைப்பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. சின்ன மாமாவும் அவரும் கதைப்பதில்லை. நான் பிறப்பதற்கு முன்பே, ஊரில் இருந்த காலத்திலேயே நின்றுபோன கதை அது. சின்ன மாமா வேலைக்குப் போன நேரம் பார்த்துத்தான் அம்மா பெரிய மாமாவுக்கு டெலிபோன் எடுப்பார். ஏன் கதைப்பதில்லை என்று கேட்டால், "வேலிப் பிரச்சினை" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவார். வேலி என்ற ஒன்றையே சரியாகக் கண்டிராத எனக்கு, அதில் பிரச்சினைப்பட என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை. நானும் மேலே கேட்கவில்லை.

எனக்குப் பத்து வயதான அந்த வசந்தத்தில் சின்ன மாமா காணி வாங்கினார். அவரோடு வேலை செய்தவர்கள் எல்லாரும் கர்க்லாண்ட் பக்கம் வீடு வாங்கிக்கொண்டிருக்க, இவர் மொன்றியலில் இருந்து வடக்கே ஒன்றரை மணி நேரம் ஓடி, ஒரு சின்னக் கிராமத்தின் எல்லையில் ஐந்து ஏக்கரை வாங்கிவிட்டு வந்து நின்றார். பாதி காடு, பாதி புல்வெளி, ஒரு மரக்குடில், கடைசியில் ஓர் ஓடை.

"வீடு வாங்கிற ஆக்களைக் கண்டிருக்கிறன். காடு வாங்கிற ஆளை இண்டைக்குத்தான் காணுறன்" என்றார் அம்மா.

மாமா ஐந்து ஏக்கரை ஊர்ப் பரப்புக் கணக்குக்கு மாற்றிச் சொன்னார். எண்பது பரப்பு. யாழ்ப்பாணத்தில் எட்டுப் பரப்புக் காணி உள்ளவனே நெஞ்சை நிமிர்த்தி நடப்பானாம். அம்மா எண்பதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, "அப்ப கத்தரி வைக்கலாம்" என்றார். அத்தோடு காணி எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமாகிவிட்டது. ஜூலை நடுவில் வரும் ஆடிப்பிறப்புக்குத் தெரிந்த சனத்தையெல்லாம் கூப்பிட்டுக் காணியில் கூழ் காய்ச்சுவது என்றும் அன்றைக்கே தீர்மானமாயிற்று.

முதல் நாள் போனபோது மாமாவின் முகம் விழுந்துவிட்டது. காணியைச் சுற்றி வேலி இல்லை. அவருடைய புல்லும் பக்கத்துக் காணிக்காரரின் புல்லும் ஒன்றாகக் கலந்து, எது எவருடையது என்று தெரியாமல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. நான்கு மூலையிலும் அளவைக்காரர்கள் அடித்துவிட்டுப் போன இரும்பு முளைகள் மட்டும் இருந்தன. நான் ஓடிப்போய் ஒன்றைத் தேடிக் காட்டினேன்.

"இது எல்லையோ? இது ஆணி" என்றார் மாமா.

ஊரில் வேலி என்றால் கதியால். மரக் கிளையைத் தறித்து நிலத்தில் நட்டுவிட்டால் அதுவே வேர்விட்டுத் தளிர்த்து வேலியாக நிற்கும். பூவரசும் கிளுவையும் அதற்கு உதவும். கியூபெக்கில் பூவரசுக்கு எங்கே போவது? மாமா ஓடைக்கரை வில்லோ மரத்தில் ஒரு கிளையை வெட்டிவந்து, எங்கள் குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரில் நட்டுவைத்துச் சோதனை செய்தார். இரண்டு கிழமை நாங்கள் அந்தக் கிளைக்கு வழிவிட்டுத்தான் குளித்தோம். பிறகு வெள்ளை வெள்ளையாக வேர் வந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்பா, இனியாவது வாளியை எடுக்கலாமா என்று கேட்டார்.

மே மாத நீண்ட வாரவிடுமுறையில் வேலி அடைத்தோம். பக்கத்துக் காணியோடு சேர்ந்த பக்கம் மட்டும் நூற்றிருபது கதியால்கள். மாமா கிடங்கு கிண்டி நட்டு இறுக்க, அம்மா நூல் பிடிக்க, நான் ஒவ்வொரு கதியாலிலும் கறுப்பு மையால் இலக்கம் எழுதினேன். இலக்கம் இல்லாத பொருளை மாமாவால் நம்ப முடியாது. நீல நிற நைலோன் கயிற்றால் குறுக்குத்தடி கட்டினோம். அறுபத்துமூன்றை நான் எழுதிக்கொண்டிருந்தபோது பெரிய கறுப்பு நாய் ஒன்று பின்னால் வந்து என் காதை நக்கியது. என் கை இழுபட்டு, மூன்றுக்கு ஒரு நீண்ட வால் முளைத்துவிட்டது.

நாய்க்குப் பின்னால் பக்கத்துக் காணிக்காரர் வந்தார்; பிரெஞ்சில் ஐயா என்பதுபோல் அவரை நாங்கள் முசியு என்போம். எழுபது வயதிருக்கும்; தொப்பியும் சிவந்த முகமும். பொன்ஜூர் சொல்லிவிட்டு எங்கள் வேலியை ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை பார்த்தார். ஒரு கதியாலைத் தொட்டு, இது ஓடைக்கரை வில்லோதானே என்று என்னிடம் கேட்டார். பிறகு, "இந்த ஓடைப் பீவர்களுக்கு நல்ல சந்தோசமாக இருக்கும்" என்று சொல்லிச் சிரித்தார். பிரெஞ்சு தெரிந்த ஒரே ஆள் நான்தான். மாமாவுக்கு அப்படியே சொன்னேன்.

மாமா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். "மேர்சி எண்டு சொல்லு" என்றார். நான் நன்றி சொன்னேன்.

ஜூன் முதல் கிழமை கதியால்கள் தளிர்த்துவிட்டன. மாமா ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு ஓடைப்பக்கம் போனவர் அப்படியே நின்றார். ஓடைக்கரையில் முதலில் நட்ட பதினொரு கதியால்களைக் காணவில்லை. நிலத்தோடு அறுபட்ட கட்டைகள் மட்டும், பென்சில் சீவியதுபோல் கூராக நின்றன. மாமா குந்தியிருந்து, சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் அளவுகோலை எடுத்து அந்த வெட்டை அளந்தார். வெட்டின் அகலம், சரிவு, ஆழம் எல்லாம் பார்த்தார்.

"கத்தி இல்லை. இது உளி" என்றார்.

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பத்து வயதில் எனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்கும் பழக்கம் இல்லை. முந்திய கிழமைதான் நாயோடு விளையாடப் போனபோது முசியு தன் கொட்டிலைக் காட்டியிருந்தார். அவர் மரத்தில் பறவைகள் செதுக்குவார். சுவரில் வரிசையாக உளிகள், சின்னதில் இருந்து பெரியது வரை. எனக்கு ஒரு சின்ன வாத்து செதுக்கித் தந்திருந்தார். அதை என் பென்சில் பெட்டியில் வைத்திருந்தேன். "முசியுவிட்டை கனக்க உளி இருக்கு மாமா" என்று பெருமையாகச் சொன்னேன்.

மாமா எழும்பி, பக்கத்துக் காணியைப் பார்த்த பார்வையை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அடுத்த சனிக்கிழமை இன்னும் ஒன்பது போயிருந்தன. அதற்கடுத்தது பன்னிரண்டு, பிறகும் ஒன்பது. அது மட்டுமல்ல. கதியால் போன இடத்தில் முசியு தன் புல்வெட்டும் வண்டியில் ஏறி, தன் பக்கத்தோடு சேர்த்து எங்கள் பக்கத்திலும் அழகாகப் புல் வெட்டிவிட்டிருந்தார். கிழமை முழுக்க நகரத்தில் வேலை செய்துவிட்டு வருகிறவர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று செய்தது. எல்லாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து, வேலிச் சண்டையில் அண்ணனின் உறவை இழந்த ஒருவர் அப்படி நினைக்க முடியுமா?

"பார் தங்கச்சி, புல்லு வெட்டுற சாட்டிலை எல்லையை எங்கடை பக்கம் அரக்கிறான்" என்றார் அம்மாவிடம். "முதல்லை கதியால். பேந்து புல்லு. அடுத்த வருசம் எங்கடை குடிலிலை இருந்து கோப்பி குடிப்பான்."

"அந்த மனுசனுக்கு இருக்கிற காணி காணாதோ, உங்கடை அரைமுழத்துக்கு ஏன் வரப்போறார்?" என்றார் அம்மா.

"காணி காணுமெண்டு சொன்ன மனுசரை நீ எங்கையாவது கண்டனியோ?"

வேலியே பயிரை மேய்ந்த கதையை எல்லாரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். எங்கள் வேலியையே எதுவோ மேய்ந்துகொண்டிருந்தது. அது என்னவென்று மாமாவைத் தவிர அந்தக் கிராமத்தில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

ஒருநாள் மாமா என்னை முன்னால் விட்டுக்கொண்டு முசியுவிடம் போனார். "கதியாலை எடுத்தது ஆரெண்டு எனக்குத் தெரியும் எண்டு சொல்லு" என்றார். நான் நாயைப் பார்த்தேன். பென்சில் பெட்டியில் இருந்த வாத்தை நினைத்தேன். எங்கள் தடிகளில் சில காணாமற் போய்விட்டன, யார் எடுத்தது என்று மாமா யோசிக்கிறார் என்று பிரெஞ்சில் சொன்னேன். மொழிபெயர்ப்பில் அது அவ்வளவு பெரிய பிழை என்று எனக்குப் படவில்லை.

முசியு கொஞ்சமும் யோசிக்கவில்லை. ஓடைப்பக்கம் கையைக் காட்டி, பல்லால் மரம் அறுக்கும் பீவர்தான் என்றார். அன்றைக்கே சொன்னேனே என்றார். நான் மாமாவிடம் சொன்னேன்.

மாமா சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. "கேட்டியோ? மாடாம், மாடு" என்றார்.

காருக்குத் திரும்பியதும் பையில் இருந்து ஐந்து சத நாணயத்தை எடுத்து, அதில் தட்டை வாலோடு பெரிய எலிபோல் இருக்கும் பீவரை எனக்குக் காட்டினார். அவர் அதுவரை கண்ட ஒரே பீவர் அதுதான். "காசிலை படம் போட்டு மரியாதை குடுத்து வைச்சிருக்கிற சீவனிலை பழியைப் போடுறான். களவெடுத்தவன் எப்பவும் வாயில்லாச் சீவனைத்தான் காட்டுவான். எனக்கு இது புதுசில்லை" என்றார். கடைசி வசனத்தைச் சொல்லும்போது அந்த நாணயத்தையே விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் அதில் அழுக்கு என்று நினைத்தேன்.

இதற்கிடையில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. ஓடைக்கரைப் புல் முதலில் ஈரமாயிற்று, பிறகு சேறாயிற்று. அம்மாவின் கத்தரிக் கன்றுகள் கணுக்கால் தண்ணீரில் நின்றன. மழைதான் என்றார் மாமா. மழையே இல்லையே என்றார் அம்மா. மாமாவின் கண்ணுக்கு வேலி தவிர வேறொன்றும் தெரியவில்லை. ஆடிப்பிறப்புக்கு இருபது நாள் இருந்தது. முப்பது பேர் வந்து பார்க்கும்போது பல்லுப் போன வாய்போல் நிற்கும் வேலியைக் காட்டுவதா என்று அவருக்கு மானப்பிரச்சினை.

அந்தக் கிழமை மாமா என்னைக் குசினி மேசையில் இருத்தி நகரசபைக்குக் கடிதம் எழுதச் சொன்னார். அவர் தமிழில் சொல்ல நான் பிரெஞ்சில் எழுத வேண்டும். மொத்தம் நாற்பத்தொரு கதியால்கள், உளியால் வெட்டப்பட்டவை, உளி வைத்திருப்பவர் பக்கத்துக் காணிக்காரர், அதற்குச் சாட்சி நான். சாட்சி என்ற இடம் வந்ததும் பேனையை நிறுத்தினேன். அந்தக் கடிதம் போனால் பொலிஸ் வந்து முசியுவைப் பிடித்துக்கொண்டு போகும், நாய் தனியாக நிற்கும் என்று உறுதியாக நம்பினேன். எழுத்துப்பிழை விட்டால் கடிதம் செல்லாது என்று நினைத்து நிறையப் பிழைகள் விட்டேன். மாமா வாசித்துப் பார்க்க முடியாமல், கையெழுத்து வடிவாக இருக்கிறது என்று பாராட்டினார். சனிக்கிழமை காணிக்குப் போகும் வழியில் நகரசபைத் தபால் பெட்டியில் போடுவதென்று முடிவு. கடிதத்தை என் காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அந்த இரவு வாத்தைப் பெட்டிக்குள் வைக்க மனமில்லாமல் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தேன்.

சனிக்கிழமை தபால் பெட்டி வந்தபோது நித்திரைபோல் கிடந்தேன். மாமா, திரும்பி வரும்போது போடலாம் என்று ஓட்டினார். காணிக்குள் போகும் மண் பாதை அன்று பாதையாக இல்லை. பாதித் தூரத்தில் காரின் முன்சில்லு இரண்டும் சேற்றில் இறங்கின. மாமா முறுக்க முறுக்க இன்னும் இறங்கின. நானும் அம்மாவும் இறங்கித் தள்ளினோம். முழங்காலுக்குக் கீழே எங்களுக்கு ஒரே நிறம்.

முசியு சத்தம் கேட்டு டிராக்டரோடு வந்தார். அவருக்கு முன்னால் நாய் தண்ணீரைச் சிதறிக்கொண்டு வந்தது. சங்கிலி போட்டுக் காரை இழுத்தெடுக்கப் பின்னேரமாகிவிட்டது. மாமாவுக்கு அது பெரிய தண்டனை. எதிரியின் கையால் காப்பாற்றப்படுவதுபோல் தர்மசங்கடம் வேறில்லை. மேர்சி என்று நிலத்தைப் பார்த்துச் சொன்னார். முசியு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு, வாருங்கள், ஒன்று காட்டவேண்டும் என்று கையால் கூப்பிட்டார். கோடைகாலச் சூரியன் மரங்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்த நேரம். நாங்கள் வரிசையாக அவருக்குப் பின்னால் நடந்தோம்.

ஓடை வளையும் இடத்தில், எங்கள் காணிக்குச் சற்றுக் கீழே, முசியு விரலை உதட்டில் வைத்து நின்றார்.

அங்கே ஓடை இல்லை. ஒரு குளம் இருந்தது. குளத்துக்கு ஓர் அணை. என் உயரத்துக்குக் குறையாது. தடியும் சேறும் கல்லும் வைத்து, இந்தக் கரையில் இருந்து அந்தக் கரை வரை ஒரே சீராகக் கட்டியிருந்தது. தடிகளில் சில இடங்களில் நீல நைலோன் கயிறு தொங்கியது. சில தடிகளில் பச்சையாகத் தளிர் விட்டிருந்தது. மாமா மெல்ல இறங்கி, அணைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"பதினாலு" என்று வாசித்தார். பிறகு, "இருபத்தேழு." கொஞ்சம் தள்ளி, "முப்பத்தொண்டு." தொழிற்சாலையில் பொருள் பொறுப்பெடுப்பதுபோல் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு போனார். எல்லாம் என் கையெழுத்து.

அப்போது தண்ணீரில் ஒரு கோடு விழுந்தது. கோட்டின் நுனியில் ஒரு மண்ணிறத் தலை. அது வாயில் ஒரு கதியாலைக் கவ்விக்கொண்டு, எங்களைக் காணாததுபோல் நேராக அணையை நோக்கி நீந்தி வந்தது. பத்துப் பன்னிரண்டு அடி தூரத்தில் வந்தபோது இலக்கம் தெரிந்தது. அறுபத்துமூன்று. மூன்றுக்கு நீண்ட வால்.

"அது நான் எழுதினது" என்று கத்திவிட்டேன். நாயும் குரைத்தது. பீவர் வாலைத் தூக்கித் தண்ணீரில் ஓங்கி ஓர் அடி அடித்துவிட்டு மறைந்தது. தெறித்த தண்ணீர் மாமாவின் முகத்தில் விழுந்தது. கதியால் மட்டும் மிதந்து வந்து அவர் காலடியில் நின்றது.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சேறு படிந்த கையால் வாயைப் பொத்தினார், முடியவில்லை. ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். முசியுவும் சிரித்தார். எனக்கு வந்த சந்தோசம் சொல்லி முடியாது. முசியு கள்ளன் இல்லை. பொலிஸ் வராது. நாய் தனியாக நிற்காது. ஒருவரும் பார்க்காத நேரம், பையில் இருந்த கடிதத்தை எடுத்து அணையின் சேற்றுக்குள் ஆழமாகச் செருகிவிட்டேன். பீவர் கட்டிய அணையில் நானும் ஒரு பங்கு போட்டேன் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்ளலாம்.

மாமா மட்டும் சிரிக்கவில்லை. கதியாலைக் கையில் எடுத்து, பல்லால் வெட்டிய நுனியை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"மாடுதான்" என்றார் மெதுவாக. "மெய்யாவே மாடுதான்."

"மாடில்லை மாமா, பீவர்" என்று திருத்தினேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

கரையேறியதும் என்னைக் கூப்பிட்டு, "அவரிட்டை மன்னிப்புக் கேட்டனான் எண்டு சொல்லு" என்றார். எதற்கு மன்னிப்பு என்று முசியுவுக்குத் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை என்று நான் நினைத்தேன். புல் வெட்டியதற்கு மாமா நன்றி சொல்கிறார் என்றேன். முசியுவின் முகம் மலர்ந்தது. அடுத்த கிழமையும் வெட்டிவிடுவதாகச் சொன்னார்.

பீவரோடு எப்படிச் சீவிப்பது என்று அவர்தான் சொல்லித்தந்தார். நினைத்த நேரத்தில் பிடிக்க முடியாது, அதற்குக் காலமும் அனுமதியும் உண்டு. அணையை உடைத்தாலோ இரண்டு நாளில் திரும்பக் கட்டிவிடும். அவரே இளவயதில் ஒரு கோடை முழுவதும் உடைத்து உடைத்துத் தோற்றுப்போனவர். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால் பீவருக்கு இருப்புக்கொள்ளாதாம், எழும்பி வந்து அடைக்குமாம். ஆகையால் சத்தம் இல்லாமல் தண்ணீரை எடுக்கவேண்டும். அவரே நகரசபையோடு கதைத்து அனுமதி வாங்கினார். ஜூலை முதற் கிழமை அவரும் மாமாவும் இடுப்பளவு தண்ணீரில் நின்று, அணைக்கு ஊடாக ஒரு நீண்ட கறுப்புக் குழாயை இறக்கினார்கள். குழாயின் வாய் குளத்துக்குள் தூரத்தில், ஒரு கம்பிவலைக் கூட்டுக்குள் இருந்தது. பீவர் கிட்டப் போகவும் முடியாது, தண்ணீர் போவது கேட்கவும் கேட்காது. குழாயின் சரிவை மாமா மூன்று முறை அளந்தார். முசியு பொறுமையாகப் பிடித்துக்கொண்டு நின்றார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை; அளவுகோல் போதுமாக இருந்தது. மீதியிருந்த வில்லோ மரங்களுக்கும் அடியில் வலை சுற்றினார்கள். நான்கு நாளில் பாதை வெளியே வந்தது. கத்தரிக் கன்றுகளில் ஆறு பிழைத்தன.

வேலியை மாமா திரும்ப அடைக்கவில்லை. ஏன் என்று அம்மா கேட்டதற்கு, "பேந்து பாப்பம்" என்றார். அணையில் போன கதியால்கள் வேர்விட்டு, இப்போது அந்த இடத்தில் பெரிய வில்லோ மரங்கள் நிற்கின்றன.

குழாய் வைத்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அந்தக் காணியில் கைத்தொலைபேசிக்குச் சிக்னல் பிடிக்கும் இடம் ஒன்றுதான், மூலையில் இருந்த இரும்பு முளைக்குப் பக்கத்தில். மாமா அங்கே போய் நின்று வெகுநேரம் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கொஞ்சம் தள்ளிப் புல்லில் நாயோடு இருந்தேன். கடைசியில் இலக்கத்தை அழுத்தினார்.

"அண்ணை, நான்தான்" என்றார். சப்பாத்து நுனியால் இரும்பு முளையைத் தட்டினார். "ஓம். சுகமாத்தான் இருக்கிறன்" என்றார்.

கத்தரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா வாளியை நிலத்தில் வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

"அண்ணை, ஒண்டு கேக்கவேணும். அந்த வருசம் எங்கடை ரெண்டு காணிக்கும் நடுவேலியைத் தள்ளினதெண்டு நீங்கள் சொன்னனீங்கள்தானே, அந்த மாடு. அது என்ன நிறம்?"

அந்தப் பக்கத்தில் இருந்து வந்த பதில் நீளமாக இருந்தது. ஒரு நிறத்தைச் சொல்ல அவ்வளவு நேரம் எடுக்குமா என்று எனக்கு ஆச்சரியம். மாமா தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். வியர்வை என்று நினைத்தேன். வெயிலும் நல்ல வெயில்தான். அம்மா திரும்பிப் பார்க்காமல் குடிலுக்குள் போய்விட்டார்.

எனக்கு விசயம் உடனே விளங்கிவிட்டது. மாமா பீவரைக் கலைக்க மாடு வாங்கப்போகிறார். பெரிய மாமாவிடம் வேலிகளைத் தள்ளக்கூடிய பலமான மாடு ஒன்று இருக்கிறது. அதைத்தான் விசாரிக்கிறார். இந்தச் செய்தியை முதலில் முசியுவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். பீவருக்கு மாடு பயன்படாது என்று அவர் தலையை ஆட்டினார். பெரியவர்களின் பிழைகளைத் திருத்துவது என் வேலை இல்லை என்று விட்டுவிட்டேன்.

ஆடிப்பிறப்பை அண்டிய சனிக்கிழமை காணி நிறையச் சனம். அம்மா பெரிய பானையில் கூழ் காய்ச்சினார். தேங்காய்ச் சொட்டும் பனங்கட்டியும் போட்ட இனிப்புக்கூழ், பக்கத்தில் கொழுக்கட்டை. முசியு முதலில் ஒரு கரண்டி ருசி பார்த்தார், பிறகு மூன்று கோப்பை குடித்தார். மத்தியானம் ஒரு வெள்ளைக் கார் மெதுவாக மண் பாதையில் வந்து நின்றது. ஸ்காபரோவில் இருந்து விடியவே வெளிக்கிட்டதாம். அதில் இருந்து இறங்கியவரைக் கண்டதும் எனக்கு அறிமுகம் தேவைப்படவில்லை. சின்ன மாமாவின் மூக்கு அப்படியே நரைத்த மீசைக்கு மேல் இருந்தது.

இரண்டு பேரும் கட்டிப்பிடிக்கவில்லை. வணக்கம்கூடச் சொல்லவில்லை. "பயணம் எப்பிடி?" என்று சின்ன மாமா கேட்டார். "பரவாயில்லை" என்றார் பெரிய மாமா. பிறகு இருவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வேலி இருந்த எல்லை நீளத்துக்கு நடந்து போனார்கள், திரும்பி நடந்து வந்தார்கள். சனமெல்லாம் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டு கூழ் குடித்தது.

நான் காரைச் சுற்றிப் பார்த்தேன். பின்னால் இழுவை வண்டி ஒன்றும் இல்லை. அவர்கள் திரும்பி வந்ததும் பெரிய மாமாவிடம் நேரே போனேன்.

"மாட்டைக் கொண்டரேல்லையோ, பெரிய மாமா?"

கூழ்க் கோப்பைகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. அம்மா என் தோளைப் பிடித்து இழுத்தார். பெரிய மாமா சின்ன மாமாவைப் பார்த்தார். சின்ன மாமா நிலத்தைப் பார்த்தார். பிறகு பெரிய மாமா குந்தி, என் முகத்துக்கு நேரே வந்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன. ஏழு மணி நேரம் கார் ஓட்டினால் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

"அது எப்பவோ செத்துப்போச்சு, பிள்ளை" என்றார். "நல்ல மாடு. ஒருத்தரும் அதின்ரை பேச்சை நம்பேல்லை."

சின்ன மாமா சட்டென்று திரும்பி ஓடைப்பக்கம் நடந்தார். பெரிய மாமா எழும்பி அவருக்குப் பின்னால் போனார். வெகுநேரம் இருவரும் திரும்பவில்லை. அம்மா இரண்டு கோப்பை கூழை மூடி வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் நாய்க்குப் பக்கத்தில் போய் இருந்து, முசியு தந்த வாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். எனக்கு அந்த மாட்டை நினைத்துத்தான் கவலையாக இருந்தது.